ரேஞ்சர்: எண்ணெய் இருந்தும் வற்றிய ஊர்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ரேஞ்சர் என்று ஒரு சின்ன ஊர். 1880இல் டெக்சாஸ் அண்ட் பசிபிக் ரயில்பாதை வந்தபோது முளைத்தது. பருத்தியும் மாடுகளும்தான் பிழைப்பு. 1917 வறட்சியில் அதுவும் போச்சு. அந்த அக்டோபரில், ரயில் என்ஜின்களுக்கு நிலக்கரி வெட்டி விற்றுவந்த பக்கத்து ஊர் கம்பெனி ஒன்று மெக்கிளஸ்கி குடும்பத்தின் நிலத்தில் 3,400 அடி துளையிட்டது. எண்ணெய் பீறிட்டது. நாளொன்றுக்குச் சுமார் 1,600 பீப்பாய், பம்ப் இல்லாமலே!

ஆயிரம் பேர்கூட இல்லாத ஊரில் ரயில் ரயிலாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். மழை பெய்தால் தெருவெல்லாம் சேறு. காசு வாங்கிக்கொண்டு ஆட்களைச் சறுக்குவண்டியில் ஏற்றி எதிர்ப்பக்கம் விட்டார்களாம்.

பம்ப் இல்லாமல் எண்ணெய் எப்படி மேலே வந்தது? பாதாளத்தில் எண்ணெய் குளம்போல் தேங்கி நிற்பதில்லை; பாறையின் நுண்துளைகளில் ஊறிக் கிடக்கிறது. அவ்வளவு ஆழத்தில் இருக்கும் அழுத்தத்தில் எரிவாயு அதில் கரைந்திருக்கும். துளை போட்டதும் அழுத்தம் குறையும். சோடா பாட்டிலைத் திறந்ததுபோல வாயு குமிழிகளாகப் பிரிந்து, விரிந்து, எண்ணெயையும் தள்ளிக்கொண்டு வரும். ஆனால் எண்ணெயைவிட வாயு வேகமாக நழுவும். அது முந்திக்கொண்டு போய்விட்டால் மிச்ச எண்ணெய் கெட்டியாகி, தள்ள ஆளில்லாமல் பாறையிலேயே தங்கிவிடும். வாயுவை மட்டும் நம்பிய எண்ணெய் வயல்களில் பெரும்பாலும் முக்கால் பங்குக்கு மேல் அப்படித்தான் மாட்டிக்கொள்கிறது.

ரேஞ்சரில் நடந்தது இதுதான். தன் நிலத்துக் கிணற்றில் வருவது தனக்கே சொந்தம், அது பக்கத்து நிலத்தின் அடியிலிருந்து வந்தாலும் சரி என்பது டெக்சாஸ் சட்டம். அப்புறம் எவன் பொறுமையாக இருப்பான்? வேலியை ஒட்டி ஒட்டிக் கிணறு தோண்டினார்கள். விலைபோகாத வாயுவைக் காற்றில் விட்டார்கள். எண்ணெயைத் தள்ளுவதே அதுதான் என்பது அன்று பலருக்கு உறைக்கவில்லை. ஓரிரு ஆண்டில் கிணறுகள் தளர்ந்தன. 1921இல் வங்கிகள் முறிந்தன. 1920 கணக்கெடுப்பில் 16,000 பேரைத் தாண்டியிருந்த ஊர், 1930இல் ஆறாயிரம் சொச்சமானது.

1919இல் மாநில அரசு, கிணறுகளுக்கிடையே குறைந்தது 300 அடி, எல்லையிலிருந்து 150 அடி விட வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. அதை அமல்படுத்தியது ரயில்வே ஆணையம்! 2005இல் ரயில் பொறுப்பு அதன் கையைவிட்டுப் போனது. பெயரை மாற்றாமல் இன்றும் எண்ணெயைத்தான் மேய்த்துக்கொண்டிருக்கிறது.