பந்து மலைப்பாம்பை இணை சேர்க்கும் முன் போட வேண்டிய கணக்கு

பந்து மலைப்பாம்பை இணை சேர்ப்பதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. நன்றாகத் தின்று வளர்ந்த ஆணையும் பெண்ணையும் குளிர்காலத்தில் ஒரே பெட்டியில் சில நாட்கள் விட்டுவைத்தால் போதும், மீதியை அவையே பார்த்துக்கொள்ளும். ஆண் தன் பின்பக்கத்தில் இருக்கும் சிறிய நகம் போன்ற முட்களால் பெண்ணின் உடலை வருடும். பிறகு வால்கள் பின்னிக்கொள்ளும். சில ஜோடிகள் ஒரு நாளுக்கும் மேலாக அப்படியே கிடக்கும். அதனால் "என்னால் முடியுமா" என்ற கேள்வியை இந்தக் கட்டத்தில் கேட்பது வீண். அதற்கு முன்னாலும் பின்னாலும் நடப்பவற்றில்தான் அதற்கான பதில் இருக்கிறது.

மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் புல்வெளிகளைச் சேர்ந்த இந்தப் பாம்பு, பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடும். சாது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீடுகளில் அதிகம் வளர்க்கப்படும் பாம்புகளில் இதுவும் ஒன்று. வளர்ப்பவர்கள் பலருக்கு இரண்டாம், மூன்றாம் ஆண்டில் குட்டி எடுக்கும் ஆசை வந்துவிடுகிறது.

முதலில் தாயின் உடலைப் பார்ப்போம். இந்தப் பாம்பு முட்டைக்குத் தேவையானதை அன்றாடம் தின்று சேர்ப்பதில்லை. உடலில் ஏற்கெனவே சேர்த்துவைத்த கொழுப்பைக் கரைத்தே முட்டையை உருவாக்குகிறது. ஈரல் அந்தக் கொழுப்பைக் கொண்டு மஞ்சள் கருவுக்கான புரதத்தைத் தயாரித்து ரத்தத்தில் விடும், சூலகத்தில் இருக்கும் கருமுட்டைகள் அதை உறிஞ்சி வீங்கும். ஒரு முட்டை 80, 90 கிராம்கூட இருக்கும். ஆறு முட்டை என்றால் ஏறக்குறைய அரைக் கிலோ. 1,500 கிராம் எடையுள்ள பெண்ணுக்கு அது உடம்பில் மூன்றில் ஒரு பங்கு! போதாததற்கு, முட்டையிடுவதற்குப் பல வாரங்கள் முன்பே பெரும்பாலான பெண்கள் தின்பதை நிறுத்திவிடும்.

பெண்ணுக்குக் குறைந்தது 1,500 கிராம் எடை, மூன்று வயது என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான். ஆணுக்கு 700 கிராம் போதும். வயதும் எடையும் இரண்டுமே வேண்டும். இரையை வாரி வழங்கி ஒன்றரை வயதில் எடையை எட்டவைத்த பெண்ணுக்குக் கொழுப்பு இருக்கும், ஆனால் உடல் முதிர்ந்திருக்காது. என்னைக் கேட்டால், உங்கள் பாம்பு போன ஒரு வருடத்தில் எப்போது தின்றது, எப்போது மறுத்தது, மாதா மாதம் எத்தனை கிராம் இருந்தது என்ற குறிப்பு உங்களிடம் இல்லையென்றால் இந்த வருடம் இணை சேர்க்க வேண்டாம். ஒரு டிஜிட்டல் தராசும் நோட்டும்தான் செலவு. அந்தப் பொறுமை இல்லாதவர், பின்னால் வரும் அறுபது நாள் அடைகாப்பை எப்படிச் சமாளிப்பார்?

கருமுட்டை சூலகத்திலிருந்து வெளியேறும் நாளில், பெரிய இரையை விழுங்கியது போல நடு உடல் திரண்டு நிற்கும். ஒரு நாளுக்குள் அது வடிந்துவிடும், கவனிக்காதவர் தவறவிட்டுவிடுவார். அதன் பிறகு இரண்டு மூன்று வாரத்தில் ஒரு முறை தோல் உரிக்கும். தோல் உரித்து ஏறக்குறைய ஒரு மாதத்தில் முட்டை வரும். நாட்களைக் குறித்துவைத்தால்தான் தாமதம் ஆவது தெரியும். முட்டை உள்ளேயே சிக்கிக்கொண்டால், மற்ற விலங்குகளுக்குப் பிரசவத்தைத் தூண்டப் போடும் ஆக்ஸிடோசின் ஊசி பாம்புகளுக்குப் பெரும்பாலும் சரியாக வேலை செய்யாது. அறுவை சிகிச்சை வரை போக நேரிடும். ஊர்வனவற்றை அறுவை செய்யத் தெரிந்த கால்நடை மருத்துவர் எத்தனை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறார், அதற்கான பணம் தனியாக இருக்கிறதா என்பதை ஆணைக் கொண்டுவந்து விடுவதற்கு முன்பே பார்த்துவைக்க வேண்டும்.

ஆணை வெளியிலிருந்து இரவல் வாங்குபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. பந்து மலைப்பாம்புகளின் சுவாசப் பாதையைத் தாக்கும் நிடோவைரஸ் பற்றிய முதல் ஆய்வுகள் 2014ல் வெளிவந்தன. வாயில் சளி, மூச்சுத் திணறல், கடைசியில் மரணம். வைரஸ் இருந்தும் அறிகுறியே காட்டாத பாம்புகளும் உண்டு. அப்படி ஒன்று நாள்கணக்கில் இன்னொன்றின் மேல் பின்னிக் கிடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சில மாதங்கள் தனி அறையில் வைத்து, தொண்டையில் மாதிரி எடுத்துச் சோதிக்காமல் சேர்க்கக் கூடாது.

இனி மரபணு. பலரை இந்தப் பக்கம் இழுப்பதே நிறங்கள்தான். கருநிறம் அற்ற ஆல்பினோ பரம்பரையாக வருவது என்று, கூண்டில் பொரிந்த குட்டிகள் மூலம் 1992ல் அமெரிக்காவில் உறுதியானது முதல், மார்ஃப் எனப்படும் நிற வகைகள் ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டன. ஆல்பினோ ஒடுங்கு பண்பு. மெலனின் உருவாக்கும் டைரோசினேஸ் மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதாக இருந்தால்தான் நிறம் போகும். ஒரு பிரதி மட்டும் பழுதாக உள்ள பாம்பு சாதாரணமாகவே தெரியும். அதை ஹெட் என்பார்கள். ஹெட்டுக்கு ஹெட் சேர்த்தால் நான்கில் ஒன்று ஆல்பினோ என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் ஒவ்வொரு முட்டைக்கும் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. முக்காலை ஆறு முறை பெருக்கிப் பாருங்கள்: 0.178. அதாவது ஆறு முட்டை பொரிந்தும் ஒரு ஆல்பினோகூட வராமல் போக நூற்றுக்குப் பதினெட்டு வாய்ப்பு. பொரிந்த சாதாரணக் குட்டிகளில் மூன்றில் இரண்டு ஹெட்டாக இருக்கும், எது என்று பார்த்துச் சொல்ல முடியாது. அந்தச் சாதாரணக் குட்டிகளையும் அதே அக்கறையோடு வளர்க்க மனமில்லாதவர் இந்தச் சூதாட்டத்தில் இறங்க வேண்டாம்.

பனானா என்ற மஞ்சள் மார்ஃப் ஒரு அழகான அறிவியல் கதை. சில பனானா ஆண்களுக்குப் பிறக்கும் பனானா குட்டிகள் கிட்டத்தட்ட எல்லாமே பெண்ணாகவும், வேறு சில ஆண்களுக்குக் கிட்டத்தட்ட எல்லாமே ஆணாகவும் இருப்பதை வளர்ப்பவர்கள் கவனித்தார்கள். ஆணா பெண்ணா என்று முடிவு செய்பவை, பாம்புகள் எல்லாவற்றுக்கும் பறவைகளைப் போல இசட், டபிள்யூ குரோமோசோம்கள் என்றுதான் பாடநூல்கள் சொல்லிவந்தன. அப்படியிருந்தால் ஆணுக்கு இரண்டுமே இசட்தான், இந்தக் கணக்கு உதைக்கும். 2017ல் வெளிவந்த ஆய்வு, மலைப்பாம்பிலும் போவா என்ற பாம்பிலும் மனிதர்களைப் போல எக்ஸ், ஒய் இருப்பதைக் காட்டியது. அம்மாவிடமிருந்து பனானா பெற்ற ஆணுக்கு அது எக்ஸில் இருக்கும், மகள்களுக்குப் போகும். அப்பாவிடமிருந்து பெற்றால் ஒய்யில் இருக்கும், மகன்களுக்குப் போகும். பெட்டி பெட்டியாகக் குறிப்பெழுதியவர்கள் கவனித்தது பாடநூலைத் திருத்த உதவியது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

ஆனால் எல்லா மார்ஃபும் வெறும் நிறம் அல்ல. மெல்லிய கரும் வலைக்கோடுகள் கொண்ட ஸ்பைடர் மார்ஃப் பார்க்க அழகு. அதே மரபணு தலையாட்டத்தையும் கொண்டுவருகிறது. சில பாம்புகளுக்கு லேசாக, சிலவற்றுக்கு உடல் திருகித் தலைகீழாகும் அளவுக்கு. இரையைக் குறிவைத்துப் பாய்ந்து தவறவிடும். 2022ல் வெளிவந்த நுண் சிடி ஸ்கேன் ஆய்வு காரணத்தைக் காட்டியது: சமநிலையை உணரும் உட்காது அறைகளும் அரைவட்டக் குழாய்களும் உருக்குலைந்திருக்கின்றன. நல்ல பராமரிப்பால் சரியாகும் குறை இல்லை இது, உடலமைப்பிலேயே உள்ளது. குட்டிக்கு லேசாக வருமா, கடுமையாக வருமா என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. ஸ்பைடரை யாரும் இணை சேர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பிரிட்டனின் சர்வதேச ஊர்வனவியல் சங்கம் தன் கண்காட்சிகளில் அதை விற்கத் தடை விதித்துவிட்டது.

அடைகாப்பு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 31 அல்லது 32 டிகிரி செல்சியஸ், நல்ல ஈரப்பதம், 55 முதல் 60 நாள். தாயே முட்டைகளைச் சுற்றிக்கொண்டு காக்கவும் செய்யும். அந்தச் சுருள் முட்டையின் நீர் ஆவியாகாமல் தடுக்கிறது. அடைகாக்கும் பெட்டிக்கு மாற்றினால் முட்டை எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அந்தப் பக்கமே மேலே இருக்க வேண்டும். கரு மேல் ஓட்டின் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது, புரட்டினால் மஞ்சள் கருவுக்கு அடியில் போய் மூச்சுமுட்டிவிடும். அப்புறம், அந்தப் பெட்டியின் வெப்பமானியை நம்புவதற்கு முன் இரண்டு வாரம் வெறும் பெட்டியை ஓடவிட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உண்மையான வேலை குட்டிகள் ஓட்டைக் கிழித்துக்கொண்டு வந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. ஆளுக்கொரு பெட்டி, ஒவ்வொன்றிலும் சூடான பக்கம், மறைவிடம், தண்ணீர். ஓரிரு வாரத்தில் முதல் தோல் உரிக்கும், அதற்குப் பின்தான் பசி. அந்தப் பசியும் எல்லாக் குட்டிக்கும் வராது. பந்து மலைப்பாம்பு சாப்பாட்டில் பிடிவாதம் பிடிப்பதில் பெயர் பெற்றது. உறைந்து இளகிய எலியைச் சில குட்டிகள் வாரக்கணக்கில் தொடாது. உயிருள்ள எலிக்குஞ்சு, மறைவிடத்தை மாற்றுவது, வெப்பத்தைத் திருத்துவது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மெனக்கெட வேண்டும். கடைசி வழியாக வாயில் இரையை வைத்து ஊட்ட, முன்பே ஒருவரிடம் நேரில் கற்றிருக்க வேண்டும். இரண்டு மூன்று முறை தானாகத் தின்னாத குட்டியை யாருக்கும் கொடுப்பது நியாயமில்லை.

கொடுப்பது யாருக்கு? இந்தப் பாம்பு 20, 30 வருடம் சாதாரணமாக வாழும். ஆறு குட்டி என்றால் குறைத்துப் பார்த்தாலும் 120 பாம்பு-வருடங்களுக்கு யாரோ பொறுப்பேற்க வேண்டும். முதல் ஆல்பினோக்கள் ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்றன. இன்று சாதாரணக் குட்டியை இலவசமாகக் கொடுத்தாலும் ஆள் தேட வேண்டியிருக்கிறது. பெருக்கக்கூடிய எதற்கும் விலை இப்படித்தான் சரியும், லாபக் கணக்கில் இறங்குபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஒருவரும் வாங்காவிட்டால் ஆறையும் நானே வைத்துக்கொள்வேன், எனக்கு இடமும் இரைக்குக் காசும் இருக்கிறது என்று சொல்ல முடிந்தால் அதுதான் தயார் நிலை.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒன்று. நம் ஊர்ப் பாம்பு எதையும் வீட்டில் வளர்ப்பது குற்றம். பந்து மலைப்பாம்பு, அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் பட்டியலில் இருப்பதால், 2022ல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வைத்திருப்பதையும் அதற்குக் குட்டி பிறப்பதையும் பதிவு செய்ய வேண்டும். பாங்காக்கிலிருந்து பெட்டியில் ஒளித்துக் கொண்டுவந்த குட்டிகள் சென்னை விமான நிலையத்தில் பிடிபட்ட செய்திகளைப் பார்த்திருப்பீர்கள். தாளில்லாத பாம்பை வைத்துக்கொண்டு குட்டி எடுப்பது அந்தக் கடத்தலுக்குத் துணைபோவதுதான்.

தயாராக இல்லை என்று தெரிந்தால் செய்ய வேண்டியது எளிது. இவை தனித்து வாழும் பாம்புகள், துணைக்கு ஏங்குவதில்லை. ஆண் பெண் தெரியாத இரண்டை ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். மருத்துவரிடம் ஆணா பெண்ணா என்று சோதித்துப் பிரித்துவையுங்கள். தனியாக இருக்கும் பெண்ணும் எப்போதாவது முட்டையிடக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலையில் 62 வயதுப் பெண் ஒன்று, 15 வருடத்துக்கும் மேலாக ஆணையே பார்க்காமல், 2020 ஜூலையில் ஏழு முட்டை இட்டது. சில பாம்புகள் விந்தணுவை உடலில் பல காலம் சேமிக்கும், சில ஆணே இல்லாமல் கருவை உருவாக்கும். ஆகவே தனிப் பெண்ணை வளர்ப்பவருக்கும் தராசும் நோட்டும் மருத்துவரின் தொலைபேசி எண்ணும் வேண்டும்.