மூன்று கம்பங்களும் ஒரு கடிகாரமும்

இரண்டாம் உலகப் போர் விமானங்களைப் பற்றிய படப் புத்தகங்களைப் புரட்டுபவர்களுக்கு ஹைன்கல் 111 பழகிய உருவம்தான். கண்ணாடி மூக்கு, இரண்டு என்ஜின், முதுகில் ஓர் ஆன்டெனா கம்பம். ஜெர்மனியின் காம்ஃப்குரூப்பே 100 என்ற குண்டுவீச்சுப் பிரிவின் விமானங்களில் மட்டும் முதுகில் மூன்று கம்பங்கள் இருக்கும். அந்தப் பிரிவின் வைக்கிங் கப்பல் சின்னம் எல்லோர் கண்ணிலும் படும். கூடுதலான இரண்டு கம்பங்களை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. என்னைக் கேட்டால் அந்தப் பிரிவின் கதையே அந்தக் கம்பங்களில்தான் இருக்கிறது.

1940-ல் இரவில் குண்டு போடுவது எவ்வளவு கடினம் என்று முதலில் பார்த்துவிடுவோம். கீழே நகரம் முழுக்க விளக்கணைப்பு. விமானம் 6,000 மீட்டர் உயரத்தில், மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. அங்கிருந்து விடும் குண்டு தரையைத் தொட ஏறக்குறைய 35 விநாடி ஆகும். அதற்குள் அது கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர் முன்னால் போய்விடும். ஆகவே இலக்குக்கு 3 கிலோமீட்டர் முன்பே குண்டை விட வேண்டும். எதிர்க்காற்று மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வீசுவது விமானிக்குத் தெரியாவிட்டால், குண்டு அரை கிலோமீட்டர் தள்ளி விழும். சரியான பாதை, அந்தப் பாதையில் இப்போது நிற்கும் இடம், தரையைப் பொறுத்த உண்மையான வேகம் ஆகிய மூன்றும் இருட்டிலேயே தெரிந்தாக வேண்டும்.

பாதைக்கான விடை போருக்கு முன்பே இருந்தது. மூடுபனியில் விமானம் தரையிறங்க 1930-களில் ஜெர்மனியின் லோரன்ஸ் நிறுவனம் ஒரு முறையை உருவாக்கியது. ஓடுபாதைக்கு ஒரு பக்கம் சாய்ந்த அலைக்கற்றையில் மோர்ஸ் புள்ளிகளும், மறுபக்கம் சாய்ந்த கற்றையில் கோடுகளும் வரும். கோடுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியில் புள்ளிகள் சரியாக உட்காரும்படி நேரம் அமைத்திருப்பார்கள். விமானம் ஒரு பக்கம் விலகினால் புள்ளி ஓங்கிக் கேட்கும், மறுபக்கம் விலகினால் கோடு. இரண்டும் சம பலத்தில் கேட்கும் நடுக்கோட்டில் மட்டும் விடாத ஒரே ஒலி. இதில் அழகான விஷயம், இரண்டு கற்றைகளுமே அகலமானவை என்பதுதான். அவை சமமாகும் கோடு மட்டும் மிக ஒல்லியாக அமைந்துவிடுகிறது.

இதையே பெரிய ஆன்டெனாக்களோடு இங்கிலாந்து வரை நீட்டியதுதான் க்னிக்கெபைன் என்ற முறை. டச்சு எல்லையருகே க்ளேவேயிலும் டென்மார்க் எல்லையருகே ஸ்டோல்பெர்க்கிலும் நிலையங்கள் இருந்தன. தனிக் கருவி எதுவும் தேவைப்படவில்லை, குண்டுவீச்சு விமானங்களில் ஏற்கெனவே இருந்த லோரன்ஸ் ரிசீவரே போதும். பிரிட்டிஷ் விமானப்படைக்கு அறிவியல் உளவு பார்த்த 28 வயது இயற்பியலாளர் ஆர். வி. ஜோன்ஸ், 1940 ஜூன் 21 அன்று சர்ச்சில் முன்னிலையில் இதை விளக்கினார். அலைகள் பூமியின் வளைவைத் தாண்டி அவ்வளவு தூரம் வராது என்று வானொலி நிபுணர் எக்கர்ஸ்லி சந்தேகப்பட்டிருந்தார். அன்றிரவே ஓர் ஆன்சன் விமானம் ஸ்பால்டிங் அருகே 31.5 மெகாஹெர்ட்ஸில் கற்றையைக் கண்டுபிடித்துவிட்டது. அதன் அகலம் 400 முதல் 500 கஜம். அப்புறம் அதே அலைவரிசையில் வேறு சத்தத்தை அனுப்பிக் கற்றையைக் குழப்பும் வேலை தொடங்கியது. முதல் கட்டத்தில் மருத்துவமனைகளில் சிகிச்சைக்கு வைத்திருந்த டையதெர்மி கருவிகளைக்கூட மாற்றியமைத்துப் பயன்படுத்தினார்கள்.

காம்ஃப்குரூப்பே 100-இடம் இருந்தது வேறு ஆயுதம். ஹான்ஸ் ப்ளெண்டல் உருவாக்கிய எக்ஸ் கருவி, 66 முதல் 75 மெகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்தது. அலைவரிசை எண் கூடும்போது அதே அளவு ஆன்டெனாவால் கற்றையை இன்னும் குறுக்க முடியும். வேசர் என்ற முதன்மைக் கற்றை பிரான்ஸ் கடற்கரையின் செர்பர்க் பக்கத்திலிருந்து இலக்கை நோக்கிப் போகும். அதே கடற்கரையின் கலே பகுதியிலிருந்து வரும் ரைன், ஓடர், எல்பே என்ற மூன்று கற்றைகள் அதைக் குறுக்கே வெட்டும். எல்லாம் ஜெர்மன் நதிகளின் பெயர்கள். பாதையையும் குறுக்குக் கற்றைகளையும் ஒரே நேரத்தில் கேட்கத்தான் அந்தக் கூடுதல் கம்பங்கள்.

ரைன் கேட்டால் இலக்கு நெருங்குகிறது, தயாராகு என்று பொருள். ஓடரைக் கடக்கும் நொடியில் ஒரு பொத்தானை அமுக்கினால் கடிகாரத்தில் ஒரு முள் ஓடத் தொடங்கும். எல்பேயைக் கடக்கும்போது மறுபடி அமுக்க வேண்டும். முதல் முள் நின்றுவிடும், இரண்டாவது முள் அதைத் துரத்தும். இரண்டும் சேரும்போது மின்சுற்று மூடி, குண்டுகள் தாமாகவே விழும். ஓடருக்கும் எல்பேக்கும் இடையிலான தூரம் முன்பே தெரியும். அதைக் கடக்க எடுத்த நேரத்திலேயே காற்றின் வேகமும் அடங்கிவிடுகிறது. காற்று எதிர்த்தால் முதல் முள் கூடுதல் தூரம் ஓடியிருக்கும், இரண்டாவது முள் அதைப் பிடிக்கவும் அதே விகிதத்தில் தாமதமாகும். வேகம் எவ்வளவு என்று யாரும் கணக்குப் போடவே வேண்டாம். 1940-க்கு இது அசாத்தியமான வடிவமைப்பு. அது எதற்குப் பயன்பட்டது என்பது வேறு விஷயம்.

1940 நவம்பர் 14 இரவு, பிரான்ஸின் பிரிட்டனி பகுதியிலுள்ள வான் (Vannes) என்ற ஊரின் விமானத் தளத்திலிருந்து கிளம்பிய இந்தப் பிரிவு இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் முதல் தீக்குண்டுகளைப் போட்டது. பின்னால் வந்த நூற்றுக்கணக்கான விமானங்களுக்கு எரியும் நகரமே அடையாளம். அவற்றுக்கு எக்ஸ் கருவி தேவைப்படவில்லை. 500-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், தேவாலயம் இடிந்தது.

அன்று பிரிட்டனின் குழப்பும் டிரான்ஸ்மிட்டர்கள், அதாவது குழப்பிகள், சும்மா இருக்கவில்லை, ஆனால் பலனில்லை. காரணம் மிகச் சிறியது. எக்ஸ் கற்றையின் புள்ளிகளும் கோடுகளும் 2,000 ஹெர்ட்ஸ் ஒலியில் வந்தன. குழப்பிகள் அனுப்பியது 1,500 ஹெர்ட்ஸ். ரிசீவரில் இருந்த வடிகட்டி 2,000-ஐ மட்டும் உள்ளே விட்டது, குழப்பியின் சத்தம் அதில் நின்றுவிட்டது. இத்தனைக்கும் ஒரு வாரம் முன்பே, நவம்பர் 6-ல், இதே பிரிவின் விமானம் ஒன்று டார்செட் கடற்கரையில் வெஸ்ட் பே அருகே இறங்கியிருந்தது. ராணுவமும் கடற்படையும் அதற்கு உரிமை கொண்டாடியதில் கருவி உப்புத் தண்ணீரில் ஊறிப்போனது. வடிகட்டியை அளந்து உண்மை தெரிந்தபோது கோவென்ட்ரி முடிந்திருந்தது. ஜெர்மன் சங்கேதச் செய்திகளைப் படிக்கும் ரகசியத்தைக் காக்க சர்ச்சில் நகரத்தைப் பலிகொடுத்தார் என்று 1970-களில் கிளம்பிய கதையைவிட, இந்த 500 ஹெர்ட்ஸ் வித்தியாசம் எனக்கு நம்பும்படியாக இருக்கிறது.

வடிகட்டி புரிந்த பிறகு குழப்பிகள் திருத்தப்பட்டன. எக்ஸ் முறையின் பலவீனமும் அதன் அடிப்படையிலேயே இருந்தது. ரேடியோவில் வழி கேட்டுப் போகிறவன், தான் எங்கே போகிறான் என்பதை எதிரிக்கும் சொல்லிவிட்டுத்தான் போகிறான். கற்றைகள் வெட்டும் இடத்தைக் கணக்கிட்டால் அன்றைய இலக்கு தெரிந்துவிடும். அடுத்து வேறொரு பிரிவு பயன்படுத்திய ஒய் கருவி ஒரே கற்றையில் தூரத்தையும் அளந்தது. விமானம் சிக்னலைத் திருப்பி அனுப்ப, அதற்கான நேரத்தைத் தரை நிலையம் அளக்கும். போரால் மூடிக் கிடந்த பிபிசியின் அலெக்ஸாண்ட்ரா பேலஸ் தொலைக்காட்சி டிரான்ஸ்மிட்டர் 45 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யக்கூடியது. அதை வைத்து அந்தச் சிக்னலையே மறு ஒலிபரப்பு செய்து தூரக் கணக்கைக் கெடுத்தார்கள்.

காம்ஃப்குரூப்பே 100 பின்னர் விரிவாக்கப்பட்டு காம்ஃப்கெஷ்வாடர் 100 ஆனது. 1943 செப்டம்பர் 9 அன்று அதன் டோர்னியர் 217 விமானங்கள் ஃப்ரிட்ஸ் எக்ஸ் குண்டுகளால் இத்தாலியப் போர்க்கப்பல் ரோமாவை மூழ்கடித்தன. குண்டின் வாலில் எரியும் சுடரைப் பார்த்தபடி ஒருவர் சிறு கைப்பிடியால் அதைத் திருப்புவார், கட்டளைகள் 48 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ரேடியோவில் போகும். 1944-க்குள் அந்த அலைவரிசையையும் குழப்பும் டிரான்ஸ்மிட்டர்கள் நேச நாட்டுக் கப்பல்களில் ஏறிவிட்டன.