எந்த மேட்ச் என்றாவது சொல்லுங்கள்

பெங்களூரு அல்சூரில் வழக்கறிஞராக இருக்கிறேன். போன மாதம் ஒரு அம்மா, ஆன்லைன் வீடியோ கேம் லீக் ஒன்றில் ஆடும் தன் பத்தொன்பது வயது மகனோடு வந்தார் (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்). "சார், இவன் ஹேக் எதுவும் போடலைன்னு சத்தியம் பண்றான், ஆனா ஒரு வருஷம் பேன் பண்ணிட்டாங்க" என்றார். ஹேக் என்றால் ஆட்டத்தில் ஏமாற்ற உதவும் மென்பொருள். லீக் அனுப்பிய மெயிலில் இரண்டே வரி: விதிமீறல் உறுதியானது, முடிவு இறுதியானது. எந்த மேட்ச், என்ன ஆதாரம், ஒன்றும் இல்லை. ஆனால் வீரர்கள் கூடிப் பேசும் டிஸ்கார்ட் செயலியில் அவன் பெயரைப் போட்டு அறிவித்தாயிற்று, டீமும் அன்றைக்கே அவனைக் கழற்றிவிட்டது.

ஹேக் போடுகிறவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. 2018-இல் ஷாங்காயில் நடந்த கவுன்டர்-ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டை கேம் போட்டியில் இந்திய வீரர் ஒருவர் ஏமாற்று மென்பொருளோடு கையும் களவுமாகப் பிடிபட்டார், ஐந்து வருடத் தடை, அவருடைய அணியே கலைந்தது. அங்கே ஆதாரம் எல்லோர் கண்முன்னும் இருந்தது, தண்டனையும் சரிதான்.

ஆனால் ஏமாற்றுவதைக் கண்டுபிடிக்கும் ஆன்டி-சீட் மென்பொருளும் தப்பு செய்யும். 2010-இல் வால்வ் நிறுவனத்தின் மென்பொருள், அதே நிறுவனத்தின் கேம் தளமான ஸ்டீம் தானே அப்டேட் செய்த ஒரு கோப்பை ஏமாற்று வேலை என்று எடுத்துக்கொண்டு, மாடர்ன் வார்ஃபேர் 2 என்ற கேமை ஆடிய சுமார் 12,000 பேரைத் தடை செய்தது. பிறகு திரும்பப் பெற்றார்கள். 2023 அக்டோபரில் ஏஎம்டி கிராபிக்ஸ் கார்டின் டிரைவர் மென்பொருளில், தாமதத்தைக் குறைக்கும் ஆன்டி-லேக் பிளஸ் வசதியை ஆன் செய்ததற்கே கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 வீரர்களுக்குத் தடை வந்தது. மனிதர்களும் அவசரப்படுவார்கள்: 2019-இல் ஹாங்காங் போராட்டத்தை ஆதரித்துப் பேசிய ஹார்த்ஸ்டோன் (ஆன்லைன் சீட்டாட்ட கேம்) வீரருக்கு ஓராண்டுத் தடை போட்டுப் பரிசுப் பணத்தையும் பறித்தவர்கள், சில நாளிலேயே தடையை ஆறு மாதமாக்கிப் பணத்தையும் திருப்பித் தந்தார்கள். அவருக்காகக் குரல் கொடுக்க உலகமே இருந்தது. அல்சூர்ப் பையனுக்கு யார் இருக்கிறார்கள்?

தனியார் லீக்கோடு நமக்கு இருப்பது வெறும் ஒப்பந்தம், படிக்காமலே டிக் அடித்த விதிப்புத்தகம். கோர்ட்டுக்குப் போய் ஜெயிப்பதற்குள் சீசனே முடிந்துவிடும். அதனால் லீக்குக்குள்ளேயே நியாயம் கிடைக்க வேண்டும்: குற்றச்சாட்டைத் தெளிவாகச் சொல்லட்டும், பதில் சொல்ல நாள் கொடுக்கட்டும், தடை போட்டவரே மேல்முறையீட்டையும் விசாரிக்க வேண்டாம். அதுவரை பெயரை வெளியிடக் கூடாது, இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

மூன்றாவது மெயிலுக்குப் பிறகுதான் எந்த மேட்ச் என்று சொன்னார்கள். அந்த மேட்சின் ஸ்கிரீன் ரெக்கார்டிங்கை, போனில் இடமில்லை என்று பையன் அழித்திருந்தான். தயவுசெய்து சீசன் முடியும்வரை எதையும் அழிக்காதீர்கள். கூட ஆடிய மூன்று பேரிடம் இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறோம், மேல்முறையீட்டுக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது.