ஃபேன்டசி: மிகுபுனைவு

பெங்களூரு அல்சூரில் இருக்கும் என் அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும், வீட்டில் தமிழ். சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகளில் டிராகன் படம் போட்ட தடித்தடி நாவல்களாக அள்ளி வருவாள். போன மாதம் அதில் ஒன்றுக்குத் தமிழில் மதிப்புரை எழுதிக் காட்டினாள். முதல் வரி, "இது ஒரு கற்பனை நாவல்." எந்த நாவல்தான் கற்பனை இல்லை என்று கேட்டேன். "அப்போ ஃபேன்டசிக்கு என்ன எழுதறது சித்தி?"

மிகுபுனைவு என்று எழுதலாம். இலக்கிய விமர்சனத்தில் ஏற்கெனவே புழங்கும் சொல்தான்.

ஃபேன்டசியின் மூலம் கிரேக்கத்து 'ஃபன்டாசியா', கண்முன் தோன்றச் செய்வது. ஒளி இல்லாமல் காண முடியாது, அதனால் ஒளியைக் குறிக்கும் 'ஃபாவோஸ்' என்ற சொல்லிலிருந்தே இந்தப் பெயர் வந்தது என்கிறார் அரிஸ்டாட்டில். லத்தீன், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, அங்கே சுருங்கி 'ஃபேன்ஸி'யும் ஆனது. வளையலும் பொட்டும் வாங்கப் போகிறோமே, அந்த ஃபேன்ஸி ஸ்டோர் பெயரில் இருப்பதும் இதே சொல்தான்.

நம் 'புனை' இதற்குக் கொஞ்சமும் இளைத்ததில்லை. தொடுப்பது, அழகு செய்வது, தீட்டுவது எல்லாமே புனைவதுதான், வண்ணம் தீட்டாத சித்திரத்தை நெடுநல்வாடை 'புனையா ஓவியம்' என்கிறது. அந்தப் புனைவு இயல்பு உலகத்தை மிஞ்சிப் போனால் மிகுபுனைவு. (வினைத்தொகை, அதனால் நடுவில் 'ப்' போட்டு மிகுப்புனைவு என்று எழுதக் கூடாது.)

மாயப்புனைவு என்றும் சிலர் எழுதுகிறார்கள், காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் மாய யதார்த்தம் என்று வேறொரு வகை இருக்கிறதே, அதில் நம் அன்றாட உலகத்துக்குள்ளேயே ஓர் அதிசயம் நடக்கும், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மிகுபுனைவு பெரும்பாலும் தனி உலகத்தையே கட்டி அதற்கென்று விதிகளும் வைக்கிறது. மதிப்புரை எழுதுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அந்த விதிகளைத்தான்: 50ஆம் பக்கத்தில் மந்திரம் சொன்னவனுக்கு ரத்தம் வடிந்தது என்றால் 300ஆம் பக்கத்தில் சொன்னாலும் வடிய வேண்டும், ஆசிரியர் வசதிக்காக அதை மறந்துவிட்டால் அந்த உலகமே சரிந்துவிடும்.

இது தமிழுக்குப் புதிதும் இல்லை. இல்லாத பொருளை உவமையாக்குவதற்கு இல்பொருள் உவமை என்று அணியிலக்கணத்தில் பெயரே உண்டு. 'கொம்பு முளைத்த குதிரை போலக் காளை பாய்ந்து வந்தது' என்பது பாடப்புத்தக எடுத்துக்காட்டு. அதைச் சொன்னதும் "யூனிகார்ன்!" என்று கத்தினாள்.

அப்புறம், 'யங் அடல்ட்'. அமெரிக்க நூலகங்கள் 12 முதல் 18 வயது வரையுள்ள வாசகர்களுக்கு வைத்த பெயர். சிறுவர் என்றால் இவளுக்கே கோபம் வரும், இளையோர் சரியாகப் பொருந்தும்.

முதல் வரியை அன்றைக்கே மாற்றிவிட்டாள்: "இது இளையோருக்கான மிகுபுனைவு. இதில் ஒவ்வொரு மந்திரத்துக்கும் ஒரு விலை உண்டு, கடைசி அத்தியாயத்தில் மட்டும் யாரும் அதைக் கொடுக்கவில்லை."