வீட்டுக்கு வந்தவுடன் கிளம்பும் பாட்டு

பல்லவி இல்லாமல் ஒரு காதல் பாட்டை நினைத்துப் பார்ப்பதே கடினம். மனத்தில் ஒட்டுவது பெரும்பாலும் அதுதான். 1960-இல் இத்தாலியப் பாடகி மீனா பாடி வெளிவந்த ‘இல் ச்சேலோ இன் ஊனா ஸ்தான்ட்சா’வில் (ஓர் அறைக்குள் வானம்) பல்லவி, சரணம் என்ற பிரிவே கிடையாது. ஆனாலும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அதை முணுமுணுக்கிறார்கள்.

எழுதி இசையமைத்தவர் ஜீனோ பாவ்லி. நீ என்னோடு இருக்கும்போது இந்த அறைக்குச் சுவர்கள் இல்லை, மரங்கள்தான்; ஊதா நிறக் கூரையும் இல்லை என்கிறது பாட்டு. அந்தக் கூரை ஜெனோவாவின் விலைமாதர் விடுதி ஒன்றில் இருந்தது என்று பிற்பாடு பாவ்லியே சொன்னார். காதல் பாட்டுகளின் பிறப்பிடத்தை அதிகம் விசாரிக்கக் கூடாது.

பாட்டை ஓட்டுவது ஒரே வரிசையில் சுற்றிவரும் நான்கு கார்டுகள் (ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டுகள்). ‘ஜீரோ தி தோ’, அதாவது தோவின் சுற்று என்பார்கள். இத்தாலியில் கித்தார் கற்பவர்கள் தொடக்கத்திலேயே விரல் பழகுவது இதில்தான். தோ என்பது மேற்கத்திய இசையின் முதல் சுரம். அதை நம் சட்ஜமாக வைத்துக்கொண்டால் முதல் கார்டு ச, க, ப. அது வீடு, பாட்டு வந்து இளைப்பாறும் இடம். நான்காவது ப, நி, ரி. அதோடு பெரும்பாலும் மத்திமமும் சேரும். சங்கதி இங்கேதான் இருக்கிறது. ச 262 ஹெர்ட்ஸ் என்றால் அதற்குக் கீழே உள்ள நி 247. வாசற்படி வரை வந்துவிட்டு உள்ளே காலெடுத்து வைக்காதவரைப் போல அது நிற்கிறது. மத்திமத்தோடு சேர்ந்து ஒலிக்கும்போது ஓர் உரசல். நி ஏறிச் சட்ஜத்திலும், ம இறங்கிக் காந்தாரத்திலும் அமர்ந்தால்தான் காது அடங்கும். ஹார்மோனியம் இருந்தால் இந்த நான்கு கட்டைகளையும் சேர்த்து அழுத்தி, அப்படியே நிறுத்திப் பாருங்கள். விரல் தானாக நகரப் பார்க்கும்.

இந்தக் காத்திருப்புக்கு மூளை கூலி தருகிறது. 2011-இல் மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தமக்குச் சிலிர்ப்பூட்டும் இசையைக் கேட்பவர்களின் மூளையைப் படம்பிடித்தார்கள். சிலிர்க்கும் கணத்தில் இன்பத்தோடு தொடர்புடைய டோபமின் என்ற வேதிப்பொருள் சுரந்தது; அதற்குச் சில நொடிகள் முன்பே, இதோ வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பிலும், மூளையின் வேறொரு பகுதியில் சுரந்தது.

பல்லவி உள்ள பாட்டு அந்தக் கூலியை ஓரிடத்தில் மொத்தமாகத் தந்துவிடும். பாவ்லியின் சுற்றில் வீடு வந்து சேர்ந்த மறுநொடியே மறுபடி கிளம்பவேண்டும். பாட்டு நிலைத்ததற்கு மீனாவின் குரலைவிட இதுவே பெரிய காரணம் என்பது என் கட்சி. 2002-இல் பாடகி கார்லா புரூனி இதைப் பாடியபோது அந்தக் குரல் இல்லை, வாத்தியக் குழுவின் முழக்கமும் இல்லை. கித்தாரை ஒட்டி ஒரு முணுமுணுப்புதான். சுற்று மட்டும் அப்படியே இருந்தது.