வெள்ளையணு நோர்மல் எண்டா கிருமி ஏன் சாகல்ல?

களுவாஞ்சிகுடிப் பக்கம் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தா. அவட மாமாவுக்கு தொழுநோய் எண்டு கிளினிக்ல சொல்லி மருந்தும் தொடங்கியாச்சாம், ஆனா ரத்த ரிப்போர்ட்ல வெள்ளையணு எண்ணிக்கை நோர்மலாத்தான் இருக்காம். "அப்ப அந்த வெள்ளையணு எல்லாம் என்னதான் செய்யுது?" எண்டு கேட்டிருக்கா.

ரிப்போர்ட் பிழையில்ல தங்கச்சி. அது தலைய எண்ணுறது மட்டும்தான், அதுகள் ஒண்டோட ஒண்டு என்ன கதைக்குதெண்டு அதில தெரியவராது. தொழுநோயில கெட்டுப்போறது அந்தக் கதைதான்.

கிருமியப் பத்தி சுருக்கமா சொல்லிர்றன். 1873ல நோர்வேயில ஹன்சன் எண்ட வைத்தியர் கண்டது, காசநோய்க் கிருமிட சொந்தக்காரன், ஒண்டு ரெண்டாக கிட்டத்தட்ட 2 கிழமை எடுக்கும், உடம்பில குளிர்ச்சியான இடமாப் பார்த்துத்தான் குந்தும், அதாலதான் காதுச்சோணை, மூக்கு, தோல், தோலுக்குக் கிட்ட ஓடுற நரம்பு எண்டு பிடிக்குது.

வெள்ளையணுவில மக்ரோபேஜ் எண்டு ஒரு சாதி இருக்கு, பெருந்தின்னி. கிருமியக் கண்டா வளைச்சு முழுங்கி ஒரு பைக்குள்ள போடும், பிறகு அமிலமும் நொதியமும் நிறைஞ்ச இன்னொரு பை வந்து அதோட ஒட்டும், உள்ள இருக்கிறது செரிச்சிரும். தொழுநோய்க் கிருமி அந்த ரெண்டு பையும் ஒட்டவிடாது. முழுங்கினது முழுங்கினபடி உசிரோட கிடக்கும். அதோட விட்டாலும் பரவாயில்ல, அந்தக் கலத்தையே கொழுப்புச் சேர்க்க வைக்கும், அதையும் தன்ட தேவைக்கு எடுத்துக்கும். மைக்ரோஸ்கோப்ல பார்த்தா மக்ரோபேஜ் சவர்க்கார நுரை மாதிரி ஊதிக் கிடக்கும், உள்ள கிருமிகள் பீடிக்கட்டு மாதிரி அடுக்கடுக்கா. தின்ன வந்தவன்ட வயித்தையே வீடாக்கிட்டுது.

இனித்தான் எனக்கு எத்தின தரம் படிச்சாலும் அலுக்காத விசயம். ஒரே கிருமிதான், ஆனா ஒருத்தருக்கு உணர்ச்சியில்லாத வெளிறின தேமல் ஒண்டோ ரெண்டோ, இன்னொருத்தருக்கு முகம் தடிச்சு புருவமயிர் கொட்டி உடம்பெல்லாம் கோடிக்கணக்கில கிருமி. ஏன்? மக்ரோபேஜுக்கு உத்தரவு குடுக்கிறது ரீ-செல், அதுவும் வெள்ளையணுதான். முதல் ஆள்ட ரீ-செல் இன்ரர்ஃபெரோன் காமா எண்ட இரசாயனத்த விடும், அது பட்டதும் மக்ரோபேஜ் வெறிகொண்டு எழும்பி, ஒட்டாத பைய ஒட்டவச்சு, நைற்றிக் ஒக்சைட்டால கிருமியப் பொசுக்கி, பக்கத்து மக்ரோபேஜ்களோட கைகோர்த்து சுத்தி வளைச்சு நிக்கும், அங்க ஒரு துண்டு தோல் எடுத்துப் பார்த்தா கிருமியத் தேடித்தான் பிடிக்கோணும். ரெண்டாவது ஆள்ல இன்ரர்லூக்கின் 10 மாதிரியான சேதிதான் கூட, "ஆறுதலா இரு" எண்டு. மக்ரோபேஜும் ஆறுதலா இருந்திரும். பீ-செல்கள் எண்ட இன்னொரு வெள்ளையணுச் சாதி, கிருமியில ஒட்டுற புரதமான பிறபொருளெதிரிய அள்ளி அள்ளிச் செய்யும், ஆனா கிருமி கலத்துக்குள்ள இருக்கு, பிறபொருளெதிரி வெளியில ஓடுது, வளவுக்கு வெளியில நிண்டு குரைக்கிற நாய் மாதிரி, ஒண்டும் செய்ய ஏலாது.

இதுல பெரிய அதிசயம் என்னண்டா, அந்த ரெண்டாவது ஆள்ட ரீ-செல்கள் மத்தக் கிருமிகளோட நல்லாவே சண்டை பிடிக்கும். இந்த ஒரு கிருமிக்கு மட்டும் வாயத் திறக்காது. ரிட்லி, ஜொப்ளிங் எண்ட ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1966ல இந்த நோய 5 படியாப் பிரிச்சதும் எதிர்ப்பு சக்தி எந்தளவு நிக்குதெண்டு பார்த்துத்தான்.

நூறு பேர்ல 95 பேர்ட உடம்பு இந்தக் கிருமிய நோய் வராமலே சமாளிச்சிரும். முதல் தரம் குடுக்கிற ரிஃபாம்பிசின் எண்ட மருந்திலயே அனேகமான கிருமி செத்திரும். இது தெரியாத காலத்தில ஆக்கள நம்மட மட்டக்களப்பு வாவிக்குள்ள இருக்கிற மாந்தீவில கொண்டுபோய் விட்டு வச்சிருந்தாங்க, அத நினைக்க நெஞ்சு கனக்கும். ஆனா இப்பவும் தேமல் கண்டா செய்வினை எண்டு நூல் கட்டி, கிரந்தி எண்டு இறாலயும் நண்டயும் நிப்பாட்டி மாசக்கணக்க வீணாக்குறம், அது எனக்குக் கோவம்தான் வரும், நரம்பு அதுவரைக்கும் காத்திருக்காது. இன்னொண்டு, 1995ல நம்மட இலங்கை 10,000 பேருக்கு 1 நோயாளிக்கும் குறைவு எண்ட இலக்க எட்டினது பெரிய வேலை, ஆனா இலக்கு முடிஞ்சா ஆராய்ச்சிக் காசும் முடியோணும் எண்டில்ல, இந்தக் கிருமிய ஆய்வுகூடத் தட்டில வளர்க்கவே இன்னும் ஏலாது, எலிட பாதத்திலயும் ஆர்மடில்லோ எண்ட விலங்கிலயும்தான் வளர்த்துப் பார்க்கிறாங்க, இதுக்குக் காசு போடாட்டி வேற எதுக்குப் போடுறது?

மாமாட விசயத்துக்கு வாறன். மருந்து எடுக்கிற நேரத்தில சிலபேருக்கு அந்த ரீ-செல்கள் திடீரெண்டு முழிச்சிரும், செத்த கிருமித் துண்டுகளப் பார்த்தும் சண்டைக்கு வரும். பழைய தேமல் சிவந்து வீங்கும், நரம்புக்குள்ள வீங்கினா நரம்புட உறை இறுக்கமானதால அது உள்ளுக்கயே நசியும், கை கோணிப்போறதில இந்தச் சண்டைக்குத்தான் பெரிய பங்கு. மருந்து பிழை எண்டு நினைச்சு மாத்திரைய நிப்பாட்ட விடாதீங்க. முழங்கைக்குப் பின்னால விண்விண்ணெண்டு நொந்தாலோ, சின்னவிரல் மரத்தாலோ, அண்டைக்கே கிளினிக்குக்குக் கூட்டிப் போங்க, வீக்கத்த அடக்க பிரெட்னிசலோன் குடுப்பாங்க, தொழுநோய் மாத்திரையும் நிப்பாட்டாம அதோடயே போகும்.