கரண்ட் போனால் கூடங்குளம் என்ன செய்யும்?

மண்டபத்தில் ஒரு ஐஸ் கம்பெனி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். இரவு ஒன்பது மணி இருக்கும். கரண்ட் போய் அரைமணி நேரம் ஆகியிருந்தது. அமோனியா கம்ப்ரஸர் ஓடாததால் அந்த இடத்துக்கே உரிய தடதட சத்தம் இல்லை. உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கியிருந்த டின்களில் தண்ணீர் உறைந்தும் உறையாமலும் கிடந்தது. ஜெனரேட்டரைக் கிளப்ப ஒரு பையன் போராடிக்கொண்டிருந்தான். பேட்டரி இறங்கியிருந்தது. சாவியைத் திருகினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி.

விடியற்காலை கடலுக்குப் போகிற போட்டுக்கு ஐஸ் ஏற்ற வந்திருந்த பெரியவர் என் பக்கம் திரும்பினார். “ஏன் தம்பி, இங்க கரண்டு போனா ஐஸ் உருகும். கூடங்குளத்துல கரண்டு போனா என்ன உருகும்?”

“எரிபொருள் உருகும்ணே. ஆனா அதுக்கு முன்னாடி பல விஷயம் கைவிடணும்” என்றேன். நின்ற வாக்கில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. ஈசிஆர் ரோட்டில் தூத்துக்குடியும் திருச்செந்தூரும் தாண்டினால் கூடங்குளம். ஒரே கடற்கரையில் வாழ்கிற நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதனால் முழுசாகச் சொல்கிறேன்.

கரண்ட் தயாரிக்கிற இடத்துக்கே எதற்குக் கரண்ட் என்று பலரும் கேட்பார்கள். அணுஉலைக்குள் வெப்பம் உண்டாகிறது. அந்த வெப்பத்தை அள்ளிக்கொண்டு போகத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கூடங்குளத்தின் ஒவ்வொரு உலையையும் சுற்றி நான்கு பெரிய பம்புகள் அந்த வேலையைச் செய்கின்றன. டர்பைனைச் சுழற்றிவிட்டு வருகிற நீராவியைக் குளிரவைக்கக் கடல்நீரை இழுக்கிற பம்புகள் வேறு. எல்லாமே மோட்டாரில் ஓடுகிறவை. நிலையம் தயாரிக்கிற மின்சாரத்தில் நூற்றுக்கு 5 பங்குக்கு மேல் அதன் சொந்த வயிற்றுக்கே போய்விடும்.

இனி கிரிட், அதாவது மின்நிலையங்களையும் ஊர்களையும் ஒன்றாகக் கோக்கிற மின்கம்பி வலை. நம் கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கயிற்றிலும் வரிசையாக ஆட்கள், ஒரே தாளத்தில் எட்டு வைத்து இழுப்பார்கள். இந்தியாவிலுள்ள ஜெனரேட்டர்களும் அப்படித்தான், விநாடிக்கு 50 துடிப்பு என்ற ஒரே தாளத்தில் ஒரே சுமையை இழுக்கின்றன. அந்தத் தாளத்தைத்தான் 50 ஹெர்ட்ஸ் என்கிறோம். திடீரென்று நாலு பேர் கயிற்றை விட்டால் மிச்சப் பேரின் தோளில் பாரம் ஏறும், எட்டு தளரும். கிரிட்டிலும் அதேதான். பெரிய நிலையம் ஒன்று கழன்றால் தாளம் 50-க்குக் கீழே இறங்கும். உடனே சில பகுதிகளுக்கு ரிலே என்கிற காவல் ஸ்விட்சுகள் தாமாகக் கரண்டை வெட்டிப் பாரத்தைக் குறைக்கும். அது போதாமல் தாளம் இன்னும் தளர்ந்தால், ஒவ்வொரு நிலையமும் தன் டர்பைனைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே கயிற்றை விட்டுவிடும். ஒன்று விட அடுத்தது விட, ஒரு மாநிலம் முழுக்க இருண்டுபோகச் சில விநாடிகள் போதும்.

2012 ஜூலை 30-ம் தேதி அதிகாலை 2.33-க்கு வட இந்தியாவில் அதுதான் நடந்தது. பீனா – குவாலியர் 400 கிலோவோல்ட் லைன் கழன்றதில் தொடங்கி வடக்குக் கிரிட் முழுவதும் சரிந்தது. மறுநாள் பகல் ஒரு மணி வாக்கில் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு என்று மூன்று கிரிட்டும் சேர்ந்து விழுந்தன. அறுபது கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழ்கிற பகுதி அது. நமக்கு அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. தெற்குக் கிரிட் அப்போது தனித் தாளத்தில் ஓடிக்கொண்டிருந்ததுதான் காரணம். 2013 டிசம்பர் 31-ம் தேதி ராய்ச்சூர் – சோலாப்பூர் லைன் வழியாக நாமும் அந்தப் பெரிய கயிற்றில் கை வைத்துவிட்டோம். அதற்குப் பிறகு காஷ்மீரும் ராமேஸ்வரமும் ஒரே தாளம். பற்றாக்குறை நேரத்தில் இது பெரிய பலம். சரிவு என்று வந்தால் அதுவும் பகிர்ந்துகொள்ள வேண்டியதுதான்.

தாளம் தளர்வது மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. 2025 ஏப்ரல் 28-ம் தேதி பகல் 12.33-க்கு ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டன. அங்கே முதலில் வோல்டேஜ் கட்டுப்பாடில்லாமல் ஏறியது. அதைத் தாங்காமல் நிலையங்கள் அடுத்தடுத்துக் கழன்றன. ஸ்பெயினின் ஏழு அணுஉலைகளில் அன்று நான்கு ஓடிக்கொண்டிருந்தன. நான்கும் தாமாக நின்றன, டீசல் ஜெனரேட்டர்கள் கிளம்பின, உலைகள் குளிர்ந்தன. ஊரெல்லாம் ரயில் நின்று, சிக்னல் அணைந்து, செல்போன் செத்துக் கிடந்த நேரத்தில் அந்த நான்கு உலைகளில் மட்டும் எல்லாம் எழுதிவைத்தபடி நடந்தது.

அந்தச் சில விநாடிகளில் உலைக்கு முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. முதல் வழியின் பெயர் தீவாக்கம். 1964 டிசம்பர் புயலில் பாம்பன் பாலம் போனபோது ராமேஸ்வரம் எப்படிக் கரையிலிருந்து அறுந்து நின்றதோ, அப்படி நிலையம் கிரிட்டிலிருந்து தன்னை அறுத்துக்கொண்டு, தன் பம்புகளுக்கு மட்டும் தானே கரண்ட் கொடுத்துத் தாக்குப்பிடிக்கும். சில நேரம் பக்கத்திலிருக்கிற ஒரு நகரத்தையும் அந்தத் தீவுக்குள் சேர்த்துக்கொள்வார்கள். சென்னைக்கு அப்படியொரு தீவுத்திட்டம் உண்டு, கல்பாக்கம் அதில் இருக்கிறது.

சொல்வது எளிது. முழு வேகத்தில் ஓடுகிற டர்பைனிலிருந்து பாரத்தைச் சட்டென்று எடுத்தால் அது தறிகெட்டுச் சுற்றப் பார்க்கும். வால்வுகள் கண்ணிமைக்கும் நேரத்தில் மூடி, மிச்ச நீராவியை டர்பைனுக்குப் போகாமல் வேறு வழியில் திருப்பிவிட வேண்டும். 2003 ஆகஸ்ட் 14-ம் தேதி அமெரிக்காவின் வடகிழக்கும் கனடாவின் ஒன்டாரியோவும் இருண்டபோது அமெரிக்காவில் ஒன்பது உலைகள் நின்றுபோயின. ஆனால் ஒன்டாரியோவில் புரூஸ் நிலையத்தின் மூன்று உலைகளும் டார்லிங்டனில் ஒன்றும் நிற்கவில்லை. சக்தியை 60 சதவீதத்துக்கு இறக்கி, நீராவியைத் திருப்பிவிட்டுக் காத்திருந்தன. சில மணி நேரத்தில் கிரிட்டுக்குக் கரண்ட் கொடுக்கத் தொடங்கின. கல்பாக்கத்தின் கனநீர் உலைகளுக்கு ஒன்றுவிட்ட உறவுமுறை அவை.

ஏன் முழுக்க நிறுத்தாமல் 60-ல் பிடித்துவைத்தார்கள்? நின்ற உலைக்குள் செனான் – 135 என்ற வாயு சேரும். அணுப்பிளவை நடத்துகிற துகள்களான நியூட்ரான்களை விழுங்குகிற பெருந்தீனிக்காரன் அது. ஓடுகிற உலையில் அது சேரச் சேர எரிந்துபோகும். நின்ற உலையில் எரிக்க ஆளில்லை. ஒன்பது மணி நேரத்துக்கு ஒருமுறைதான் பாதியாகக் கரையும். அதற்குள் எரிபொருளில் ஏற்கெனவே உண்டான அயோடின் சிதைந்து புதிய செனானும் வந்துகொண்டிருக்கும். அதனால் நின்ற உலையைத் திரும்ப உயிர்ப்பிக்க ஒன்றரை நாள்கூடக் காத்திருக்க நேரலாம்.

தீவாக்கம் கைகூடாவிட்டால் இரண்டாவது வழி, உலையை நிறுத்துவது. நிறுத்தக் கரண்ட் வேண்டாம். நியூட்ரான்களை விழுங்கி அணுப்பிளவை அடக்குகிற கட்டுப்பாட்டுத் தண்டுகளை உலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருப்பதே மின்காந்தம்தான். கரண்ட் போனால் பிடி விடும், தண்டுகள் தம் எடையால் சில விநாடிகளில் உள்ளே விழும். அணுப்பிளவுச் சங்கிலி அறுந்துபோகும். இந்த அமைப்பை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மதிப்பு இன்றும் குறையவில்லை. எந்தக் கோளாறுக்குப் பயப்படுகிறோமோ, அந்தக் கோளாறே உலையை நிறுத்துகிறது.

ஆனால் நிறுத்தியதோடு வேலை முடிவதில்லை. சாயல்குடிப் பக்கம் பனங்காட்டுக் குடிசைகளில் கருப்பட்டி காய்ச்சுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பதநீர் சுண்டிப் பாகாகிற நேரம் வந்ததும் அடுப்பிலிருந்து எரிகிற மட்டையையெல்லாம் அந்த அம்மா வெளியே இழுத்துப் போட்டார். தீ இல்லை. ஆனாலும் சட்டியில் பாகு ‘பொளக் பொளக்’ என்று கொப்பளித்துக்கொண்டே இருந்தது. துடுப்பைப் போட்டுக் கிண்டிக்கொண்டே இருந்தார். கையை எடுத்தால் அடிப்பிடித்துவிடும்.

அணு எரிபொருளும் அப்படித்தான், ஒரு முக்கியமான வித்தியாசத்தோடு. பாகின் சூடு அடுப்பிலிருந்து வந்தது, போகப் போக ஆறிவிடும். எரிபொருளின் சூடு அதற்குள்ளிருந்தே புதிதாகப் பிறக்கிறது. பிளந்துபோன அணுக்களின் துண்டுகள் கதிரியக்கத்தால் சிதைந்துகொண்டே இருப்பதால் வருகிற சிதைவு வெப்பம் அது. எந்த ஸ்விட்சாலும் அதை அணைக்க முடியாது. கூடங்குளத்தின் ஓர் உலை 3,000 மெகாவாட் வெப்பம் தருகிறது, அதிலிருந்து 1,000 மெகாவாட் மின்சாரம் எடுக்கிறோம். தண்டுகள் விழுந்த மறுகணம் ஏறத்தாழ 200 மெகாவாட் வெப்பம் மிச்சமிருக்கும். ஒரு மணி நேரத்தில் அது 40 மெகாவாட் அளவுக்கு இறங்கும், ஒரு நாளில் 15-க்கு.

குடத்துக்காகக் குழாயடியில் காத்துநின்று பழகிய மாவட்டம் நம் ராமநாதபுரம். அதனால் குடத்திலேயே கணக்குச் சொல்கிறேன். நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்து அந்த வெப்பத்தைத் தண்ணீரைக் கொதிக்கவைத்தே வெளியேற்றுவதென்றால் விநாடிக்கு ஒரு குடத்துக்கு மேல் ஆவியாக வேண்டும். ஒரு நாள் கழித்தும் இரண்டு மூன்று விநாடிக்கு ஒரு குடம் தேவைப்படும். இது நின்றால்தான் பெரியவர் கேட்ட அந்த ‘உருகுதல்’.

இந்தக் குடங்களை யார் ஊற்றுவது? பம்புகள் உடனே நின்றுவிடாமல், மாவு மில் மோட்டாரை அணைத்த பிறகும் சக்கரம் ஓடுகிற மாதிரி, கனமான சுழல்சக்கரத்தின் வேகத்தில் கொஞ்ச நேரம் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருக்கும். மீட்டர்களையும் முக்கியமான வால்வுகளையும் பேட்டரிகள் பார்த்துக்கொள்ளும். அதற்குள் டீசல் ஜெனரேட்டர்கள் எழும். கூடங்குளத்தில் ஓர் உலைக்கு நான்கு, தனித்தனி அறைகளில். உலையின் சூட்டை வாங்கி வேறு தண்ணீரை ஆவியாக்குகிற கொதிகலன்தான் நீராவி ஜெனரேட்டர். அதற்குள் தண்ணீர் ஏற, அங்கே உண்டாகிற ஆவியை வானத்துக்குத் திறந்துவிடுவார்கள். உலையைத் தொட்ட தண்ணீர் தனிச் சுற்றில் மூடிக்கிடக்கிறது, வெளியே போவது இரண்டாவது சுற்றின் ஆவி.

மண்டபத்துப் பையனின் பேட்டரி இறங்கிக் கிடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். டீசலை நம்பியிருப்பது எவ்வளவு நல்லதோ, அதைக் கிளப்பிக் கிளப்பிச் சோதிப்பது அவ்வளவு கட்டாயம். அணுநிலையங்களில் குறித்த நாளில் ஓட்டிப் பார்த்துப் பதிவேட்டில் எழுதவேண்டும் என்பது விதி.

டீசலும் போனால்? 1993 மார்ச் 31-ம் தேதி விடியுமுன் உத்தரப் பிரதேசத்தின் நரோராவில் அது நடந்தது. டர்பைனின் இறக்கைகள் உடைந்து, ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது. தீ கேபிள்களைத் தின்றது. டீசல் ஜெனரேட்டர் இருந்தும், கரண்டைக் கொண்டுபோக வழியில்லை. 17 மணி நேரம் அந்த உலைக்கு எந்தக் கரண்டும் இல்லை. புகைக்குள் டார்ச் விளக்கோடு ஏறிப்போய், உலை திரும்ப உயிர்க்காமலிருக்கக் கையாலேயே, நியூட்ரான்களை விழுங்குகிற போரான் கலந்த நீரை இறக்கினார்கள் ஊழியர்கள். தீயணைக்க வைத்திருந்த டீசல் பம்புகளால் நீராவி ஜெனரேட்டருக்குத் தண்ணீர் ஏற்றினார்கள். உலைச் சுற்றில் பம்பு ஓடாமலே, சூடான நீர் மேலேறிக் குளிர்ந்த நீர் கீழிறங்குகிற இயல்பான ஓட்டம் வெப்பத்தைச் சுமந்தது. எரிபொருள் உருகவில்லை. அந்த இரவு வேலையில் இருந்தவர்களை நம் நாடு இன்னும் அதிகமாக நினைவில் வைத்திருக்கலாம்.

2011 மார்ச் 11-ம் தேதி ஃபுகுஷிமாவில் நிலநடுக்கம் வெளிக்கரண்டை அறுத்தது, ஒரு மணி நேரத்துக்குள் சுனாமி டீசல்களை மூழ்கடித்தது. அங்கே குடங்கள் வந்துசேரவில்லை. மூன்று உலைகளில் எரிபொருள் உருகியது.

கூடங்குளத்தில் இதற்கென்றே ஓர் ஏற்பாடு இருக்கிறது. நீராவி ஜெனரேட்டரிலிருந்து வருகிற ஆவி, கட்டடத்தின் வெளிப்புறம் இருக்கிற குழாய்க்கூட்டங்களுக்கு ஏறும். கரண்ட் இருக்கிறவரை அவற்றின் காற்றுக்கதவுகளை மின்காந்தம் மூடிப் பிடித்திருக்கும். கரண்ட் போனால் கதவு தானே திறக்கும். கடற்கரைக் காற்று உள்ளே நுழைந்து, குழாய்ச் சூட்டில் காய்ந்து, புகைபோக்கி வழியாக மேலே போகும். ஆவி தண்ணீராகித் தன் எடையாலேயே திரும்ப இறங்கும். பம்பு இல்லை, டீசல் இல்லை. விநாடிக்கு ஒரு குடம் என்ற கணக்கும் இல்லை, அதே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வருகிறது.

இருண்ட கிரிட்டை எழுப்புவது தனிக் கலை. கமுதியில் 25 லட்சம் தகடுகளோடு 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இருக்கிறதே, நண்பகலில் கிரிட் விழுந்தால் அது கொடுக்காதா என்று கேட்கலாம். கொடுக்காது. அதன் இன்வெர்ட்டர்கள் கிரிட்டின் அலையைப் பார்த்துத்தான் தங்கள் அலையை வடிக்கின்றன. பார்க்க அலை இல்லையென்றால் வெயில் கொளுத்தினாலும் சும்மா நிற்கும். முதலில் எழக்கூடியவை மலையிலுள்ள நீர்மின் நிலையங்களும், சின்ன டீசல் துணையோடு கிளம்புகிற சில கேஸ் டர்பைன்களும்தான். அங்கிருந்து ஒவ்வொரு லைனாக உயிர் கொடுத்து வருவார்கள். அந்த முதல் கரண்ட் போகவேண்டிய இடங்களின் வரிசையில் அணுநிலையங்கள் முன்னால் நிற்கின்றன. அதைக் கொண்டு உற்பத்தி தொடங்க முடியாது, செனான் கரையக் காத்திருக்க வேண்டும். அந்தக் கரண்ட் டீசல்களுக்கு ஓய்வு கொடுத்து, பம்புகளைத் தொடர்ந்து ஓட்டுவதற்கு.

அன்று இரவு பதினொன்றரைக்கு மண்டபத்தில் கரண்ட் வந்தது. பெரியவரின் போட்டுக்குப் பாதி ஐஸ்தான் கிடைத்தது.